நெல்லைப் பக்கம் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போக, எடை குறைந்த பேஸ் காம்போ ஆம்ப் எது வாங்கலாம்?

கோயில் கொடை மேடை, கல்யாண ரிசப்ஷன் என்று பஸ்ஸில் போய் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வாங்கினால் 100 வாட்ஸ் போதுமா, 500 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 100 போதும். ஆனால் பின்பக்கம் எக்ஸ்.எல்.ஆர். லைன் அவுட் (மிக்சருக்கு வயர் போடுகிற மூன்று பின் சாக்கெட்) கட்டாயம் இருக்க வேண்டும்.

நம்ம பக்கம் எந்த ஊர்க் கொடைக்குப் போனாலும் சவுண்ட் சர்வீஸ்காரர் ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்கி வைத்திருப்பார். கூட்டத்துக்கு பேஸ் கேட்பது அதில்தான். நம் ஆம்ப் நமக்கும் டிரம்மருக்கும் கேட்டால் சரி. லைன் அவுட்டிலிருந்து மிக்சருக்கு ஒரு வயர், வேலை முடிந்தது. அதன் பக்கத்தில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (அந்த வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பெரும்பாலும் அந்த சுவிட்ச்தான் காப்பாற்றும்.

நான் முதலில் வைத்திருந்தது 15 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட பழைய காம்போ, 30 கிலோவுக்கு மேல். வள்ளியூரில் ஒரு கொடைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை தூக்கிப் போனேன். மேடை ஏறியபோது இடது கை விரல்கள் மரத்துப்போய், முதல் இரண்டு பாட்டுக்கு ஒழுங்காகத் தந்தியை அழுத்த முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி எடைதான் முதல் கணக்கு.

பழைய ஆம்ப்களில் கனமே அந்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்தான். இப்போது கிளாஸ் டி பவர், சுவிட்ச் மோட் சப்ளை என்று எடை குறைந்த புதுவகை சர்க்யூட்டுகள் வந்து அந்தப் பாரம் போய்விட்டது. நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் என்றால் இன்னும் குறையும், விலைதான் ஏறும்.

என் கை ஃபெண்டர் ரம்பிள் 100 பக்கம்தான் போகும். 12 இஞ்ச் ஸ்பீக்கர், 10 கிலோ, ஒரு கையில் தூக்கிவிடலாம். பி.ஏ. (சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சர், பாக்ஸ்) இல்லாத சின்ன ஹாலில், பலமாக அடிக்கிற டிரம்மரோடு அடிக்கடி வாசிப்பீர்கள் என்றால் மட்டும் ரம்பிள் 500: இரண்டு 10 இஞ்ச், பதினாறரை கிலோ. அதுவும் அந்த ஆம்ப் மட்டும் இருந்தால் 350 வாட்ஸ்தான். வெளியே இன்னொரு ஸ்பீக்கர் கேபினெட் சேர்த்தால்தான் 500 வரும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு பவர் வேண்டும். அதனால் 100க்கும் 200க்கும் நடுவே ரொம்ப யோசிக்காதீர்கள்.

அப்புறம், ஆம்பைப் பலகை மேடையில் நேராக வைக்காதீர்கள். கீழே வெற்றிடம் இருப்பதால் பலகை அதிர்ந்து ஈ தந்தி 'பூம்' என்று குழம்பும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி வையுங்கள், சத்தமும் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறார் என்றால் பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் 230க்கு அதைக் கொடுக்க ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் சுமக்க வேண்டியிருக்கும்.