நிரல்வழி ஒளிப்படம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய கேனன் பவர்ஷாட் கேமராவுக்கு நாமே நிரல் எழுத முடியுமா?

பதில்: பல மாடல்களில் முடியும். சிஎச்டிகே என்னும் இலவச மென்பொருள் மெமரி கார்டிலிருந்து ஏறித் தற்காலிகமாகவே இயங்குவதால், அது இல்லாத கார்டைப் போட்டால் கேமரா பழையபடி வேலை செய்யும். லூவா, யூபேசிக் ஆகிய இரு மொழிகளில் நிரல் எழுதலாம். மாடல் மட்டுமன்றி, ஃபர்ம்வேர் எனப்படும் கேமராவின் உள்மென்பொருள் பதிப்பும் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆள்நடமாட்டம் ஓயாத ஒரு மண்டபத்தை வெறுமையாகக் காட்ட, முப்பது படங்களின் சராசரியை எடுத்தேன். ஆட்கள் மறையவில்லை, ஆவிகளைப்போல் மங்கலாகத் தெரிகிறார்கள். ஏன்?

பதில்: சராசரி யாரையும் விலக்குவதில்லை, கடந்து போனவர் ஒவ்வொருவரையும் சிறிது சிறிதாகக் கலந்துவிடுகிறது. உங்களுக்குத் தேவை இடைநிலை அளவு. ஒவ்வொரு பிக்சலுக்கும் முப்பது மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், பாதிக்கு மேற்பட்ட படங்களில் தூணோ தரையோ தெரிந்த இடங்களில் அதுவே மிஞ்சும். பைத்தான் நிரல்மொழியில் நம்பை (NumPy) என்னும் எண்கணக்குத் தொகுப்பு இருந்தால் இது ஒரே வரி. ஆனால் அடுத்தடுத்த நொடிகளில் எடுத்த படங்களைவிட, அரை நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தவையே பயன்தரும். உட்கார்ந்து பேசுகிறவர் எழுந்து போவதற்கும் நேரம் வேண்டுமல்லவா? முக்காலி அசையக்கூடாது, வெளிச்ச அளவு, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் கையால் நிலைப்படுத்திவிடுங்கள்.

சராசரியையும் தள்ளிவிட வேண்டாம். அசையாத காட்சியில் 16 படங்களைச் சராசரியாக்கினால் இரைச்சல் ஏறக்குறைய கால்பங்காகக் குறையும். ஓடும் நீரும் பட்டுப்போல் வழியும். இரவு வானத்தைத் தொடர்ந்து எடுத்த படங்களில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மிகப் பெரிய மதிப்பைத் தேர்ந்தால் நட்சத்திரத் தடங்கள் கிடைக்கும். எந்தக் கணக்கு என்பதை முடிவுசெய்யும் இடத்தில்தான் கலைஞரின் வேலை இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் இணைத்த கேமராவால் மின்னலைப் பிடிக்க முயன்றேன். மரக்கிளைகள் அசைந்தபோதெல்லாம் படம் எடுத்துத் தள்ளியது.

பதில்: அசைவைத் தேடாதீர்கள், வானப்பகுதியை மட்டும் தனியாக வெட்டி, அதன் சராசரி ஒளி முந்தைய பிரேமைவிடத் திடீரென உயர்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 33 மில்லிநொடி. அதன்பின் படமெடுக்க ஆணையிட்டால் முதல் வெட்டு தப்பிவிடலாம். எனவே கடைசி சில நொடிகளின் பிரேம்களைச் சுழற்சியாக நினைவகத்தில் வைத்திருந்து, ஒளி உயர்ந்ததும் அவற்றைச் சேமியுங்கள். இரவு என்றால் இவ்வளவு பாடு எதற்கு? பத்து நொடி எக்ஸ்போஷர்களை இடைவிடாமல் எடுத்து, மின்னல் விழுந்தவற்றைப் பிறகு நிரலைக்கொண்டு பொறுக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஓப்பன்சிவி (OpenCV) என்னும் படப் பகுப்பாய்வு நிரல்தொகுப்பின் முகமறியும் நிரல் பக்கவாட்டு முகங்களை விட்டுவிடுகிறதே?

பதில்: நேர்முகங்களுக்கெனப் பயிற்றப்பட்ட பழைய ஹார் (Haar) முறை மாதிரிக் கோப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. அண்மைப் பதிப்புகளில் உள்ள யூநெட் (YuNet) என்னும் முகமறியும் மாதிரிக்கு மாறுங்கள். சிறிதாக்கிய பிரேமிலேயே முகத்தைத் தேடிவிட்டு, முழு அளவுப் படத்தைத் தேவையானபோது மட்டும் எடுங்கள்.