பசுமைக்குடில் தக்காளியில் சாம்பல்சத்து (பொட்டாசியம்), தழைச்சத்தின் (நைட்ரஜன்) பயன்பாட்டைக் கூட்டுமா?

கூட்டும், ஆனால் ஓர் அளவு வரைதான். வேர் உறிஞ்சும் தழைச்சத்து வடிவமான நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால், அது நீரை மேலேற்றும் சைலம் குழாய்கள் வழியே இலைக்கு ஏறும்போது நேர்மின்னூட்டமுள்ள பொட்டாசியமே பெரும்பாலும் துணை செல்கிறது. இலையில் அந்த நைட்ரேட் அமினோ அமிலமாகி, பின் புரதமாவதற்கும் பொட்டாசியம் வேண்டும். அது குறைந்தால், எவ்வளவு யூரியா இட்டாலும் தழைச்சத்தில் ஒரு பகுதி புரதமாகாமல் செடியிலேயே தேங்கும்; செடி எடுக்காத மிச்சம் பாசனநீரோடு வேர்மண்டலத்துக்குக் கீழே கசிந்துவிடும். காய்ப்புப் பருவத்தில் தக்காளி தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்தையே கூடுதலாகக் கேட்பதால், இரண்டையும் ஒருங்கே தரும் 13-0-45 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) பொட்டாசியம் நைட்ரேட்டைச் சொட்டுநீரில் பல தவணைகளாகக் கொடுப்பது பொருத்தமானது (விலைதான் சற்றுக் கூடுதல்). அதற்காக அள்ளிக் கொட்டினால், கால்சியமும் மக்னீசியமும் உறிஞ்சப்படுவது தடைபட்டு, காயின் நுனிப்பகுதி கருத்து அழுகக்கூடும்.