செயின் சா அளவுக்கு மீறிப் புகைக்கிறதா? கேள்வி பதில்

மரம் அறுக்கும் செயின் சா பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் புகையைப் பற்றியவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. ஸ்பேனரை எடுக்கும் முன் புகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சைலன்சரிலிருந்தா, பார் எனும் நீண்ட இரும்புத் தகட்டின் மேல் ஓடும் செயினிலிருந்தா, கிளட்ச் மூடிக்குள்ளிருந்தா? மூன்றும் வேறு வேறு கோளாறுகள். சைலன்சர் புகை என்றால் அடுத்து நிறம்: நீலம் கலந்த சாம்பல் நிறம் எண்ணெய் எரிவது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி.

பட்டுக்கோட்டையிலிருந்து: சார், 58 சிசி மெஷின், வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. நீலப் புகை நிற்கவே இல்லை. பெட்ரோலை டேங்கில் ஊற்றிவிட்டு அதிலேயே இரண்டு மூடி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) விடுகிறோம்.

பதில்: மூடிக் கணக்குதான் காரணம். பாட்டிலுக்குப் பாட்டில் மூடியின் கொள்ளளவு மாறும். அதைவிடப் பெரிய தவறு டேங்கிலேயே கலப்பது. எண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது, கலக்காவிட்டால் அடியில் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். முதல் பத்து நிமிடம் எண்ணெய் மிகுந்து புகை கக்கும், கடைசியில் எண்ணெய் இல்லாத பெட்ரோல் போய் பிஸ்டனைக் கீறிவிடும்.

தனி கேனில் கலக்குங்கள். பாதி பெட்ரோல், அதன்மேல் முழு அளவு ஆயில், மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஆயிலை அளக்க மருந்துக்கடை சிரிஞ்ச் போதும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. உங்கள் கையேட்டில் உள்ள விகிதத்தையே பின்பற்றுங்கள். 58 சிசி மெஷின்கள் பலவற்றுக்கு 25:1 என்று போட்டிருப்பார்கள். அந்த விகிதத்தில் ஓரளவு நீலப் புகை இருக்கத்தான் செய்யும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் ஆயிலைக் குறைத்துவிட்டால் புகை போய்விடுமே?

பதில்: போகும், எஞ்சினும் கூடவே போகும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் தனியாக ஆயில் சம்ப், அதாவது எஞ்சின் எண்ணெய்த் தொட்டி, கிடையாது. பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் பேரிங் எல்லாவற்றுக்கும் உயிர். புகையைக் குறைக்க வேண்டுமென்றால் அளவை விட்டுவிட்டு தரத்தை மாற்றுங்கள். பாட்டில் மேல் ஜப்பானியத் தரக் குறியீடான ஜாசோ எஃப்டி அல்லது எஃப்சி என்று இருக்கிறதா பாருங்கள். எஃப்பி தரத்தைவிட இவை தெளிவாகக் குறைவாகப் புகைக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து: படகு எஞ்சினுக்கு வாங்கிய டூ-டி ஆயில் மிச்சம் இருக்கிறது. பைக் எஞ்சின் ஆயிலும் இருக்கிறது. எதைக் கலக்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு ஆனது. செயின் சா காற்றால் குளிர்கிறது, சிலிண்டர் சூடு கூடுதல். அந்தச் சூட்டில் பிஸ்டன் ரிங் பள்ளத்தில் கசடு படிந்து ரிங் சிக்கிக்கொள்ளும். பைக்கின் 20டபிள்யூ-40 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்காகச் செய்ததே அல்ல. புகை, பிளக்கில் கரி, எக்ஸாஸ்ட் வாயில் அடைப்பு எல்லாம் சேர்ந்து வரும்.

ஏற்காட்டிலிருந்து: காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை, பிறகு சரியாகிவிடுகிறது. பார்க்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. படுக்கவைத்த மெஷினில் கிராங்க் பெட்டிக்குள் தங்கிய எண்ணெய் எரிகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்தால் கவலை இல்லை. சோக்கை மட்டும் சரியாகத் தள்ளிவிட்டீர்களா என்று பாருங்கள். அரை சோக்கிலேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

பேராவூரணியிலிருந்து: விழுந்த தென்னையைத் துண்டு போடும்போது பார் பக்கம் புகை, எரிந்த நாற்றம். சைலன்சர் சுத்தமாகத்தான் இருக்கிறது. புதுச் செயின் போட்டும் அரை நாளில் அதே கதை.

பதில்: இது எஞ்சின் கோளாறு அல்ல, உராய்வு. தென்னை செயினுக்குக் கொடிய மரம். வெளிப்பக்க நார் இறுக்கம், அதில் சிலிக்காவும் உண்டு. விழுந்து கிடந்த மரத்தில் மணலும் ஒட்டியிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளைத் துண்டு போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மணல் மேல் ஒரு முறை பட்டாலே பல் முனை மழுங்கிவிடும்.

முதல் சோதனை தூள். கூர் இருந்தால் சீவல் சீவலாக விழும். மாவு மாதிரி விழுந்து, நீங்கள் மெஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் செயின் மழுங்கிவிட்டது. பாரில் பொறித்த பிட்ச் அளவை (செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) பார்த்து வட்ட அரம் வாங்குங்கள். .325-க்கு 4.8 மி.மீ., சிறு மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., சாதாரண 3/8-க்கு 5.2 மி.மீ. பெரும்பாலான செயினுக்குச் சாய்வு 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்றோ ஐந்தோ. பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு கொம்பு, ரேக்கர் என்பார்கள், பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பலமுறை சாணை பிடித்தும் ரேக்கரைத் தொடாவிட்டால் எவ்வளவு கூராக இருந்தாலும் செயின் மரத்தைக் கடிக்காது. உரசும், புகையும்.

இரண்டாவது சோதனை, தனி டேங்கிலிருந்து செயினுக்கு வரும் செயின் ஆயில். வெளிர் நிற அட்டையைத் தரையில் போட்டு, பார் நுனியை ஒரு சாண் மேலே பிடித்து, அரை ரேஸ் கொடுங்கள். சற்று நேரத்தில் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் செயின், பார் இரண்டையும் கழற்றி, பாரின் எண்ணெய்த் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, பள்ளத்தில் இறுகிய நாரையும் தூளையும் சுரண்டி எடுங்கள். தென்னையில் இந்த அடைப்பு சீக்கிரம் வரும், தினமும் பார்ப்பது நல்லது. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். ஆயில் அப்படியே நின்றால் பம்பு இறைக்கவில்லை. பழைய கழிவு எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பையும் பாரையும் தின்றுவிடும்.

செயின் இறுக்கத்தையும் கவனியுங்கள். பாரின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்டுக் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். இந்த வேலைகளுக்கு முன் எஞ்சினை நிறுத்தி பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

தென்காசியிலிருந்து: ஸ்டார்ட் செய்ததும் கிளட்ச் மூடிக்குள்ளிருந்து புகை, பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

பதில்: உடனே நிறுத்துங்கள். செயின் பிரேக் போட்டபடியே ரேஸ் கொடுத்திருப்பீர்கள். முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்பை உங்கள் பக்கம் இழுத்தால்தான் பிரேக் விடும். கிளட்ச் வழுக்கிக்கொண்டே சுற்றினால் டிரம் நீலம் பாய்ந்துவிடும், பக்கத்திலுள்ள ஆயில் பம்பின் பிளாஸ்டிக் பல்சக்கரமும் உருகும். பிரேக் விட்டும் புகை வந்தால் மூடியைக் கழற்றி பிரேக் பட்டை டிரம்மில் உரசுகிறதா, கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கூடலூரிலிருந்து: சில்வர் ஓக் கிளை கழிக்கும் மெஷின். கறுப்புப் புகை, பவர் இல்லை, மடமடவென்று சத்தம். கார்புரேட்டர் திருகைத் திருப்பிவிடலாமா அண்ணா?

பதில்: திருகு கடைசி வேலை. முதலில் ஏர் ஃபில்டர். தூளும் எண்ணெயும் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். உயர் அழுத்தக் காற்றடித்தால் வலை கிழியும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அடுத்து சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா. பிறகு பிளக்: ஈரமும் கரியும் இருந்தால் துடைத்து இடைவெளியை 0.5 மி.மீ. வையுங்கள்.

இதற்கும் அடங்காமல், நிறுத்திய பின்னும் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் சொட்டினால் உள்ளே ஊசி வால்வில் தூசு, அல்லது டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துவிட்டது. ஊசி, டயாஃப்ரம், கேஸ்கெட் சேர்ந்த ரிப்பேர் கிட் மாற்ற வேண்டும். ஊசியைத் தூக்கும் சிறு நெம்பை வளைத்துவிடாதீர்கள். அது உயர்ந்தாலே மறுபடி பெட்ரோல் வழியும்.

இவை எல்லாம் முடிந்த பிறகு திருகு. எஞ்சின் சூடான பின் செய்யுங்கள். எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) திருகுகள் இரண்டையும் மெல்ல அடிவரை மூடி ஒரு சுற்றுத் திறப்பது பொதுவான தொடக்கம். கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. எல் திருகில் ஐடில் மிக வேகமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்று இடப்பக்கம் திறங்கள். ஐடில் திருகை, செயின் நிற்கும் வரை குறையுங்கள். எச் திருகில்தான் மெஷின்கள் சாகின்றன. முழு ரேஸில் வெற்றாக ஓடும்போது சற்றே கரகரக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் அது தெளிய வேண்டும். வெற்றாக ஓடும்போதே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் பெட்ரோலும் எண்ணெயும் போதவில்லை. புகை துளிகூட இல்லாமல் அழகாகத் தெரியும், ஆனால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. உடனே இடப்பக்கம் திறங்கள். சில புது மெஷின்களில் இந்தத் திருகே இருக்காது. அவற்றைச் சர்வீஸில்தான் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்திலிருந்து: பையன் தெரியாமல் செயின் ஆயிலைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றிவிட்டான். ஊரே புகை, பிறகு நின்றுவிட்டது.

பதில்: கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். டேங்கைக் காலி செய்து, கொஞ்சம் பெட்ரோல் விட்டு இரண்டு முறை அலசுங்கள். உள்ளிருக்கும் ஃபில்டரை மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, பிளக் துளை கீழ்நோக்க மெஷினைக் கவிழ்த்து, ரேஸை அழுத்தியபடி பத்துமுறை இழுங்கள். வடிந்த பெட்ரோல் காய்ந்த பிறகு புதுக் கலவை ஊற்றி, மூன்று மீட்டர் தள்ளி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் புகைக்கும், திறந்த வெளியில் ஓட்டுங்கள். சைலன்சரில் தேங்கிய எண்ணெய் எரிந்து தீர வேண்டும்.

ஓசூரிலிருந்து: கலவை சரி, ஃபில்டர் சுத்தம், கார்புரேட்டரும் பார்த்தாயிற்று. இன்னும் புகை, ரேஸ் ஏறவில்லை. பெட்ரோல் மழைக்கு முன் கலந்தது.

பதில்: இரண்டு இடம் பாக்கி. ஒன்று, அந்தப் பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுத்து அடியில் பிரிந்து நிற்கும். கைமெஷின் கையேடுகள் பலவும் 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் டயாஃப்ரமும் பிழைக்கும்.

மற்றது சைலன்சர். ஆறிய பின் கழற்றுங்கள். வாயில் தீப்பொறி வலை இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துக் கரியை எடுங்கள். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளையில் கரி தெரிந்தால், கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டன் அந்தத் துளையை மூடும்படி நிறுத்தி, மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் கூடாது, பிஸ்டனில் கோடு விழும். அப்படியே துளை வழியாகப் பிஸ்டன் ஓரத்தையும் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் இனி சுத்தம் செய்து பயனில்லை, சிலிண்டர் கிட் மாற்ற வேண்டியதுதான்.