கறுப்பு ஆயிலும் சில கடிதங்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றே எழுதவில்லை. பழைய டீசல் காரை வாங்கித் தினமும் ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டர், வருடம், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் கேள்வி கேட்டால், நான் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். சரி, பார்ப்போம்.

ஆயில் மாற்றி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் கறுத்துவிட்டது. பழைய ஆயிலையே ஊற்றி ஏமாற்றிவிட்டார்களா?

டீசலில் அப்படித்தான் கறுக்கும். எரியும்போது உண்டாகும் கரியைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து வைப்பதுதான் அந்த ஆயிலின் வேலை. நிறத்தை விட்டுவிட்டு, டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். கையேட்டில் உள்ள தர எண்தானா ஊற்றினார்கள் என்று டப்பாவைப் பாருங்கள். டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

என் வண்டி ஆயிலே குடிப்பதில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு மாதாமாதம் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. நல்ல எஞ்சின் என்று நண்பர் சொல்கிறார். சரிதானே?

சரியில்லை. ஆயில் தானாகப் பெருகாது. அதில் டீசல் கலக்கிறது. டி.பி.எஃப்.பில் சேர்ந்த கரியை எரிக்க, எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி ஃபில்டரைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கும். அது முடிய கால் மணி நேரமாவது சீரான ஓட்டம் வேண்டும். நீங்கள் தினமும் நான்கு கிலோமீட்டர் போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேலை பாதியில் நின்றுபோகிறது, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்குப் போகிறது, அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். அளவு மேல் கோட்டைத் தாண்டினால் எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, சாவியை எடுத்த பிறகும் உறுமிக்கொண்டு ஓடும் ஆபத்து இருக்கிறது. உடனே ஆயிலை மாற்றுங்கள். அப்புறம், ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம்) வழக்கத்தைவிடச் சற்று ஏறி நின்றாலோ, சூடான காட்டமான வாசனை வந்தாலோ, கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், வண்டியை அணைக்காமல் இன்னும் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். நீரில் ஊறிய விறகு போல அரைகுறையாக விட்டுவிடாதீர்கள்.

டி.பி.எஃப்.பை வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையாமே?

பல நாடுகளில் அது குற்றம். அது போக, ஃபில்டர் அடிக்கடி நிறைகிறது என்றால் மேலே எங்கோ கரி அதிகமாக வருகிறது என்று அர்த்தம். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கீறல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் ஒழுகல், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வு இறுகிப்போனது என்று எதுவாகவும் இருக்கலாம். சாட்சியைத் துரத்திவிட்டால் வழக்கு தீர்ந்துவிடுமா?

1 லட்சத்து 40 ஆயிரம் ஓடிய வண்டியை வாங்கினேன். டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா?

கிலோமீட்டரை எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பில் இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது அந்த பெல்ட்தான். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். ஓட்டம் குறைவு என்ற சமாதானமும் வேண்டாம். ரப்பர் நின்ற இடத்திலேயே மூப்படையும், அதனால்தான் கையேட்டில் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் போட்டிருக்கும். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதைத் தாங்கி ஓடும் ஐட்லர் சக்கரம், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். சில எஞ்சின்களில் செயின் இருக்கும், அது வேறு கதை. மாற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள்.

தவறிப்போய் ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

ஸ்டார்ட் செய்தீர்களா இல்லையா என்பதுதான் கேள்வியே, அதை எழுதவில்லை. செய்யவில்லை என்றால் சாவியைத் தொடாமல் டாங்கைக் காலி செய்யுங்கள். செய்திருந்தால் ஃபில்டர், பைப்புகளோடு சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் அதை வறட்டிவிடும். கெரசின் கலந்தால் என்ன என்று கேட்ட இன்னொருவருக்கும் இதே பதில்தான்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை, சில சமயம் தானே அணைந்துவிடுகிறது. ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் குறைவு என்று பி0087 கோடு வந்தது. பம்பை மாற்றினார்கள், சரியாகவில்லை. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை போதாது, முன்பே எச்சரித்துவிடுகிறேன்.

எரர் கோடு என்பது ஒரு புகார்தான், தீர்ப்பு கிடையாது. ரெயில் என்பது டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் குழாய். அதில் ‘நான் கேட்ட அழுத்தம் வரவில்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவே. எதனால் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் அந்த அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். அங்கே போய்ச் சேர வேண்டிய டீசல் டாங்கில் தொடங்கி, ஃபில்டரைக் கடந்து, பம்பில் ஏறி, ரெயிலில் நிறைந்து இன்ஜெக்டரில் முடிகிறது. இவ்வளவு நீளத்தில் எங்கே ஒழுகினாலும், எங்கே அடைத்தாலும் ஒரே கோடுதான் வரும். எரர் கோடைப் படித்ததும் விலை அதிகமான பாகத்திலிருந்து மாற்றத் தொடங்குவதை நான் வைத்தியம் என்று சொல்லமாட்டேன்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஃபில்டர் எப்போது மாற்றியது? சுமார் 20 முதல் 30 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, 70 ஆயிரம் வரை இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் தண்ணீர்த் துளிகளோ செம்பழுப்பு வண்டலோ இருந்தால் கதை பாதி தெரிந்துவிட்டது. அடுத்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு தெளிந்த குழாய் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி வரிசையாக ஓடினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது.

அதற்கப்புறம்தான் இன்ஜெக்டர். திரும்பி வரும் டீசலை அளக்கும் சோதனைக்கு நான்கு சிறிய பாட்டில் போதும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓட விடுங்கள். மூன்று பாட்டிலில் விரல் அளவும் நான்காவதில் பாதிக்கு மேலும் இருந்தால், எதை மாற்ற வேண்டும் என்று பாட்டிலே சொல்லிவிடும். நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போது அடியில் இருக்கும் செப்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். புது இன்ஜெக்டருக்கு ஒரு குறியீட்டு எண் அச்சிட்டிருந்தால், அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள்.

எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்றால், இதே பி0087 என்னையும் மூன்று வாரம் ஆட்டிவைத்தது. பம்பைக் கழற்றி மாட்டினேன், ரெயில் சென்சரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், ஃபில்டர் மாற்றியபோது மூடியின் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், ஒரு பக்கம் மடிந்து நசுங்கியிருந்தது, அதன் வழியே காற்று புகுந்துகொண்டிருந்தது. அந்த மூடியை மாட்டியது நான்தான். நோட்டைப் புரட்டியிருந்தால் ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொல்லை ஆரம்பித்தது தெரிந்திருக்கும். ஆகவே நோட்டு, நோட்டு, நோட்டு.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது.

பெரும்பாலும் க்ளோ ப்ளக், அதாவது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சிலிண்டருக்குள் சூடேற்றும் ப்ளக். மல்டிமீட்டரில் அளந்தால், நல்ல ப்ளக் ஒரு ஓம் அளவில்தான் காட்டும், செத்ததில் எதுவும் வராது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள். இறுகியிருந்தால் துருப் போக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருங்கள், ஸ்பானரோடு மல்லுக்கட்டினால் உடைந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். பேட்டரியையும் பாருங்கள். வெள்ளைப் புகை நீங்காமல் கூலண்ட்டும் குறைந்தால் எழுதுங்கள், அது வேறு நோய்.

டர்போவுக்காக ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட வேண்டுமா?

வேண்டாம். வேகமாக ஓட்டி வந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். காலையில் நின்ற இடத்தில் சூடேற்றுவதும் வீண், மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள்.

மைலேஜுக்காக நாற்பதிலேயே ஐந்தாவது கியர் போடுகிறேன். க்ளட்ச் பக்கம் கடகடவென்று சத்தம். சம்பந்தம் உண்டா?

உண்டு. எஞ்சின் திணறித் திணறி இழுக்கும்போது எஞ்சினுக்கும் க்ளட்சுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலின் ஸ்பிரிங்குகள்தான் அடி வாங்குகின்றன. அணைக்கும்போது ஒரு தடதடப்பு வருகிறதா பாருங்கள். வந்தால் அதுதான். மிச்சம் பிடித்த டீசலை அந்த ஃப்ளைவீல் வட்டியோடு கேட்கும்.

வண்டியில் ஏதோ ஒரு சத்தம் வருகிறது. என்னவாக இருக்கும்?

எந்தப் பக்கம்? குளிர்ந்த நிலையிலா, சூடான பிறகா? ஓடும்போதா, நிற்கும்போதா? பிரேக் பிடித்தால் நிற்கிறதா? இவற்றை எழுதி அனுப்புங்கள். கிலோமீட்டரையும்.