பழைய கார்பனா, புதிய அலுமினியமா?

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 72 கிலோ. வேலூரில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சாதாரண கியர் சைக்கிளில் வாரம் மூன்று நாள் காலையில் 30 கி.மீ. ஓட்டுகிறேன். இப்போது ரோடு பைக் வாங்கி ஏலகிரி ஏற வேண்டும், 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஒன்றையும் முடிக்க வேண்டும் என்று ஆசை. கையில் 75 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. குழு நண்பர் ஒருவர் தமது 2011-ஆம் ஆண்டு கார்பன் ரோடு பைக்கை அந்த விலைக்குத் தருகிறார். ஃபிரேம் அளவு 56, எடை 8 கிலோ. முன்னால் 53–39 பல், பின்னால் 12–25. சிவப்பு நிறம், பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதே பணத்துக்குக் கடையில் 10 கிலோ எடையுள்ள புதிய அலுமினிய பைக் கிடைக்கிறது. நண்பர்கள் எல்லோரும் கார்பனைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: புதிய அலுமினியத்தை வாங்குங்கள். அந்தச் சிவப்பு பைக் உங்கள் உடம்புக்குப் பெரியது.

56 என்ற அளவு பெரும்பாலும் 178 செ.மீ. உயரத்துக்கு மேல் இருப்பவர்களுக்குப் பொருந்தும். உங்களுக்கு 52 அல்லது 54 தேவைப்படும். ஒரு நிறுவனத்தின் 52-உம் இன்னொரு நிறுவனத்தின் 52-உம் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் அளவுப் பட்டியலில் ‘ஸ்டாக்’, ‘ரீச்’ என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து ஹாண்டில்பார் பொருந்தும் குழாயின் மேல்நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ரீச்சை மாற்ற வழியில்லை. ஹாண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ‘ஸ்டெம்’ என்ற துண்டைச் சிறியதாக மாட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். எட்டவில்லையே என்று சீட்டை முன்னுக்குத் தள்ளுவது பலர் செய்யும் தவறு; உடம்பின் பாரம் உள்ளங்கைக்குப் போய்விடும், முழங்காலும் நோகும். நானும் என் முதல் ரோடு பைக்கை விலை குறைவு என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். 60 கி.மீ. தாண்டினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று ஓராண்டு நினைத்திருந்தேன்.

200 கி.மீ. பிரெவேயை முடிக்க 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. போனால் போதும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தது போலவே மாலை நான்கு மணிக்கும் உட்கார முடிவதுதான்.

ஏலகிரிக்கு வருவோம். எடை குறைந்தால் மலை சுலபம் என்பார்கள். உங்களோடு தண்ணீர், உடை எல்லாம் சேர்த்தால் ஒரு பைக்கில் 82 கிலோ, மற்றதில் 84 கிலோ ஏறப்போகிறது. ஒரு மணி நேர ஏற்றத்தில் இதனால் மிச்சமாவது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. கியர் விஷயம் வேறு. அந்தக் கார்பன் பைக்கின் மிக இலகுவான கியரே முன்னால் 39 பல், பின்னால் 25 பல்; ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 3.3 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 12 கி.மீ. ஆகும். 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் சாலையில் அந்த வேகத்துக்குச் சுமார் 210 வாட் தேவை. உங்களைப் போல் வாரம் மூன்று நாள் ஓட்டுபவரால் அதை நெடுநேரம் தாங்குவது கடினம். மிதி மெதுவாகும், முழங்கால் இறுகும், 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே இறங்கித் தள்ள நேரிடும். முன்னால் 50–34, பின்னால் 11–34 இருந்தால் அதே 60 சுற்றில் மணிக்கு 7.7 கி.மீ. போவீர்கள், ஏறக்குறைய 135 வாட் போதும். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கியர் தொகுதி ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ் என்றால் பின்னால் 8 பல்சக்கரங்கள், சோரா என்றால் 9. எதுவானாலும் கவலையில்லை. பெரிய பல்சக்கரம் 32-க்குக் குறையக் கூடாது.

டயரையும் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு ஃபிரேம்களில் பெரும்பாலும் 25 மி.மீ. டயருக்குத்தான் இடம் இருக்கும். நம் சாலைகளுக்கு 28 மி.மீ. வேண்டும், 32 நுழைந்தால் இன்னும் நல்லது. பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கற்கள் பதித்த பாதையில் சீறும் வீரர்களே இன்று 30 மி.மீ.க்கு மேற்பட்ட டயர்களில்தான் ஓட்டுகிறார்கள். உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயரில் 75 பிஎஸ்ஐ காற்று போதும். 110 ஏற்றிக் கல் போல் ஆக்க வேண்டாம்.

கார்பன் வயதாவதால் மட்டும் செத்துவிடாது. ஆனால் மேலே கீறியிருப்பது பெயின்ட் மட்டுமா, உள்ளே இழையும் அறுந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் உறுதியான சோதனை இல்லை. பின்னாளில் உங்கள் அளவில் பழைய கார்பன் கிடைத்தால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டைக் காட்டச் சொல்லுங்கள், சீட் கம்பியை உருவச் சொல்லுங்கள். கம்பி வெளியே வரவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்பின் மீது உங்களுக்கு வந்த ஆசையை நான் மதிக்கிறேன். மனத்துக்குப் பிடித்த சைக்கிள்தான் விடிகாலையில் நம்மை எழுப்பும். கடையில் அந்த அலுமினிய பைக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நல்ல ஃபிரேமில் குழாய், பற்றவைத்த நுனிகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும்; ‘பட்டட்’ என்று எழுதியிருப்பார்கள். நகத்தால் நுனியிலும் நடுவிலும் சுண்டினால் ஓசை மாறுவதைக் கேட்கலாம். பர்மிங்காமில் ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. பாரம் விழும் இடத்தில் மட்டும் உலோகத்தை வைத்த அந்தச் சிந்தனை எனக்கு எந்தப் பளபளப்பையும்விட அழகாகத் தெரிகிறது.

75 ஆயிரத்தையும் பைக்குக்கே கொடுத்துவிடாதீர்கள். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலாடை, ஹெல்மெட், பம்ப், இரண்டு டியூப் ஆகியவற்றுக்கு எட்டாயிரமாவது ஒதுக்குங்கள்.

கடைக்குப் போகுமுன் சுவரோடு வெறுங்காலில் நின்று, ஒரு புத்தகத்தைத் தொடையிடுக்கில் இறுக்கமாக வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் 69 செ.மீ. வரும். பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம் வைத்து, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிடிகளின் மேல் கை வைத்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கழுத்தை வலிந்து தூக்காமல் சாலை தெரிய வேண்டும். அந்த அரை மணி நேரம் ஓட்ட விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.