ஓஹியோ ஸ்டார் முனை சேராததுக்கு மெஷின் காரணம் இல்ல

கோயமுத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, 16 இன்ச் தலையணை உறைக்கு ஓஹியோ ஸ்டார் பிளாக் தச்சேன், அதான் துண்டுத் துணியை மூணுக்கு மூணு கட்டமா சேத்துத் தைக்கிற நட்சத்திரம். சதுரம் 4½, முக்கோணத்துக்கு 5¼னு வீடியோல சொன்ன மாதிரியே வெட்டினேன். முழு பிளாக் 12½ வரணும், ஆனா மேல் வரிசை 11¾க்குள்ள நிக்குது, நடு வரிசை 11¼ தான். முனை எதுவும் எதோடயும் சேரல, ஓரம் ஏறி இறங்கி இருக்கு. மெஷின் வாங்கின கடையில கேட்டா இது குயில்டிங்குக்கு ஆகாது, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கங்கன்றாங்க. மாத்தணுமா? தச்சது வீணாப் போச்சா?"

மாத்தாதீங்கம்மா, வீணும் ஆகல. முதல்ல கத்தரியைக் கீழ வைங்க, ஏறி இறங்கின ஓரத்தை நேராக்குறேன்னு எதையும் வெட்டிறாதீங்க.

நீங்க குடுத்த அளவை வச்சே சொல்றேன், நீங்க கால் இன்ச் தையல்னு நினைச்சு அதுக்கும் மேல அரைக்கால் இன்ச் சேத்துப் புடிச்சிருக்கீங்க. அரைக்கால் என்ன பெரிய விஷயம்னு தோணும், ப்ளவுஸ்ல விட்டா தெரியவே தெரியாது, ஆனா இங்க ஒவ்வொரு தையலுக்கும் ரெண்டு பக்கமும் அரைக்கால் போகுது, அப்போ ஒரு தையலுக்குக் கால் இன்ச், ஒரு வரிசைக்கு ரெண்டு தையல், அரை இன்ச் அங்கயே காலி. அதுக்கு மேல அந்த நாலு முக்கோணம் சேத்த உடுக்கை மாதிரி பீஸ் இருக்கே, அதுல தையல் மூலைக்கு மூலை போறதால இன்னும் அதிகமா சுருங்கி 4½க்குப் பதிலா 4⅛ கிட்ட நிக்கும். நடு வரிசைல உடுக்கை ரெண்டு, மேல் வரிசைல ஒண்ணு. அதான் நடு வரிசை மட்டும் இன்னும் சின்னதாப் போச்சு.

குத்தம் உங்களுது இல்ல, ஜிக்ஜாக் போடுற மெஷின்ல வர்ற பாதம் அகலம், அதோட ஓரத்தை வச்சு ஓட்டினா நெறைய மெஷின்ல கால் இன்ச்சைத் தாண்டிரும். பழைய கறுப்பு மிதி மெஷின்ல பாதம் ஒல்லியா இருக்கும், அதனால அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்தப் பிரச்சனையே தெரியாது. இத ஒரு வரி சொல்ல விக்கிறவங்களுக்கு வாய் வராது, சொன்னா மெஷின் விக்காதே.

பத்து நிமிஷம் செலவு பண்ணி ஒரு சோதனை பண்ணுங்க. ஒன்றரை இன்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி பக்கம் பக்கமா தச்சு அயர்ன் பண்ணுங்க. நடுப் பட்டை சரியா 1 இன்ச் இருக்கணும். குறைஞ்சா தையல் அகலமா விழுது, கூடினா ஒல்லியா விழுது. அப்புறம் ஸ்கேலை பாதத்துக்குக் கீழ வச்சு கால் இன்ச் கோட்டு மேல ஊசியை மெதுவா கையால எறக்கி, ஸ்கேல் ஓரத்தை ஒட்டி மெஷின் பிளேட்டுல மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு மடிப்பா ஒட்டுங்க, துணி அதுல இடிச்சுக்கிட்டே போகட்டும். துணியை நகத்துற பல்லு மேலயும் பாபின் மூடி மேலயும் டேப் ஏறக் கூடாது. கால் இன்ச்சுக்கு ஒரு நூலிழை அகலம் மட்டும் உள்ள தள்ளியே வைங்க, ஏன்னா துணி மடங்குற இடத்துல அந்த ஒரு இழை போயிரும். மறுபடி மூணு பட்டை. இதுக்கு ஆகுற செலவு டேப்போட விலை.

இப்ப தச்சதக் காப்பாத்துறது. ஒன்பது பீஸையும் சேத்த தையலை மட்டும் பிரிங்க, உடுக்கைக்குள்ள கை வைக்காதீங்க. ஒன்பதையுமே 4⅛க்கு வெட்டிக்கங்க, உடுக்கையை வெட்டும்போது குறுக்குத் தையல் ரெண்டும் சரியா நாலு மூலைக்குப் போய் முடியுதான்னு பாத்து வெட்டுங்க, அதான் முக்கியம். திரும்ப கால் இன்ச்சுல சேத்தா பிளாக் 11⅜ வரும். பிளாக்கைச் சுத்தி வைக்கிற பார்டர் பட்டையை 2½க்குப் பதிலா 3¼ வெட்டி வச்சு, கடைசில மொத்தத்தையும் 16½க்கு வெட்டிக்கங்க. யாருக்கும் தெரியாது.

சேத்து முடிச்சதும் நட்சத்திர முனைக்கும் பிளாக் ஓரத்துக்கும் நடுவுல கால் இன்ச் வெறும் துணி நிக்கும். அசிங்கமா நீட்டிட்டு இருக்கேன்னு அதை வெட்டிட்டு அப்புறம் முனை மழுங்கிருச்சுன்னு வர்றவங்கதான் எங்கிட்ட பாதிப் பேர். அது பார்டர் தையலுக்கு விட்ட இடம். அயர்ன் பாக்ஸையும் தேய்க்காதீங்க, தூக்கித் தூக்கி வைங்க, மூலைக்குறுக்கு வெட்டு ரப்பர் மாதிரி இழுபடும்.

துணி பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட மனசு வரல. திருப்பூர் கட் பீஸ் கிலோ கணக்குலன்னு ஒரு வியாபாரம் ஓடுது, நானும் ஒருக்கா ஒரு புரோக்கரை நம்பி 5 கிலோ மூட்டை வாங்கினேன், மேல நாலு பீஸ் பாப்ளின், உள்ள பூரா பனியன் துணி. பனியன் துணியை அகலவாட்டுல இழுங்க, நீளும், விட்டா ஓரம் சுருண்டுக்கும். அதுல நட்சத்திரம் தச்சா ஒரு முனையும் நேரா நிக்காது. இன்னொரு ஏமாத்து, பியூர் காட்டன்னு சொல்லி பாலியஸ்டர் கலந்தது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க, காட்டன்னா பேப்பர் எரிஞ்ச வாசம், பொடியா சாம்பல், கலப்படம்னா உருகிக் கெட்டியா மணி மாதிரி உருளும். சிவப்பு துணியைத் துவைக்காம வெள்ளையோட சேக்கவே சேக்காதீங்க.

'குயில்ட் கிட்'னு துணியைப் பாக்கெட் போட்டு விக்கிறவங்க கலருக்கு 1 மீட்டர் வேணும்பாங்க. மொத்தமே 21 துண்டு: பின்னணித் துணில 4½ சதுரம் நாலு, 5¼ சதுரம் ரெண்டு. நட்சத்திரக் கலர்ல 5¼ ரெண்டு, நடுவுக்கு 4½ ஒண்ணு. அந்த 5¼ நாலையும் மூலைக்கு மூலை ரெண்டு தடவை வெட்டினா பதினாறு முக்கோணம். கலருக்கு கால் மீட்டர் தாராளம், பின்பக்கத்துக்கு அரை மீட்டர். வீட்ல கிடக்குற ப்ளவுஸ் பிட்டே போதும். பேரைப் பாத்தும் ஏமாறாதீங்க, இதையே வேரியபிள் ஸ்டார்னும் சொல்லுவாங்க. அமெரிக்காவுல 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகை 1928ல இருந்து 1961 வரைக்கும் குயில்ட் பிளாக் பேட்டர்னா போட்டுத் தள்ளுச்சு, அந்த ஊர்ல ஒரே பிளாக்குக்கு நாலு பேர் இருக்குறது சகஜம். ஆனா சாடூத் ஸ்டார் வேற, அது நாலுக்கு நாலு கட்டம், அதோட அளவை இதுல கலக்காதீங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நிதானமாப் படிங்க. கைத்தறித் துணி, அதுவும் நெசவு தளர்வா இருக்குற துணின்னா கால் இன்ச் தாங்காது. ஓரத்துல பிசிறு உதிர்ந்து ரெண்டு துவையல்ல தையலே பிரிஞ்சுரும். நகத்தால வெட்டுன ஓரத்தை ரெண்டு தடவை கீறிப் பாருங்க, நூல் கொத்தா வந்துச்சுன்னா அது இந்த ரகம். அதுக்கு அரை இன்ச் தையல் விடணும், அப்ப அளவு பூரா மாறும்: சதுரம் 5, முக்கோணச் சதுரம் 6½, உடுக்கையை 5க்கு வெட்டணும், பார்டர் பட்டை 3, பின்பக்கமும் 17. கால் இன்ச் அளவுல வெட்டி வச்சுட்டு தைக்கும்போது அரை இன்ச் புடிக்கக் கூடாது, பழையபடி நீங்க இப்ப நிக்கிற இடத்துக்கே வந்து நிப்பீங்க. டேப்பையும் அரை இன்ச்சுக்கு நகத்தணும், அதை மறந்துட்டு வர்றவங்க இருக்காங்க. பாப்ளின்னா இந்தப் பத்தியையே மறந்துருங்க.

நம்ம ஊர் தையல் வகுப்புல ப்ளவுஸ், சுடிதார், பாவாடை, அதோட சர்டிபிகேட் குடுத்து அனுப்பிர்றாங்க. எல்லாத்துலயும் உள்ள துணி விட்டு "அப்புறம் பிரிச்சுக்கலாம்"னுதான் கை பழகுது. கால் இன்ச்சை கால் இன்ச்சா ஓட்ட ஒரு நாள் கூட ஒதுக்க மாட்டாங்க, ஆனா குயில்டிங் ஸ்பெஷல் கோர்ஸ்னா தனி ஃபீஸ். கட்டாதீங்க.

குயில்டிங்குக்கு, அதாவது அடுக்கா வச்சு ஓட்டுறதுக்கு, அடியில வேடிங்னு சொல்ற பஞ்சு விரிப்பு, அதுக்கும் கீழ ஒரு பழைய காட்டன், ரெண்டும் 18 இன்ச், தையல் பள்ளத்துலயே நடுவுல இருந்து வெளிய ஓட்டுங்க, ஓட்டின பிறகுதான் 16½க்கு வெட்டணும். பின்பக்கம் 16½க்கு 12ல ரெண்டு பீஸ், ஒரு ஓரம் மடிச்சுத் தச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வைங்க, ஜிப் வேண்டாம். உங்க தலையணை 16 இன்ச்னா கடைசி சுத்துத் தையலை மட்டும் அரை இன்ச்சாப் புடிங்க, உறை 15½ ஆகி மூலை தொங்காம கிண்ணுன்னு நிக்கும். அது பார்டர்ல போறதால நட்சத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது.