சோயா மெழுகுவர்த்தி: முதல் நாள் எரிவதைப் பார்த்துத் திரியை மாற்றாதீர்கள்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட் தீபாவளிச் சந்தையில் விற்கலாம் என்று சோயா மெழுகில் வாசனை மெழுகுவர்த்தி செய்ய ஆரம்பித்தேன். ஏழரை செ.மீ. அகலமுள்ள 200 மி.லி. கண்ணாடி கிளாஸ். மெழுகோடு சேர்த்துக் கடையில் கொடுத்த ரெடிமேட் திரியைப் போட்டேன். திரியைச் சுற்றி மட்டும் குழி விழுந்து ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது. சில கிளாஸ்களில் ஒரு மணி நேரத்தில் சுடரே அணைந்துவிடுகிறது. சரி என்று இரண்டு திரி போட்டால் கண்ணாடி தொட முடியாமல் சுடுகிறது, விளிம்பெல்லாம் கரி. எந்தத் திரி வாங்க வேண்டும்? வீட்டிலிருக்கும் விளக்குத் திரியைப் போடலாமா? குழி விழுந்த கிளாஸ்களை என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் திரியின் அளவு. ஒரு திரி போட்டபோது அந்த அகலத்துக்கு வேண்டிய சூடு கிடைக்கவில்லை. அதையே இரண்டாகப் போட்டபோது வேண்டியதைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவில் ஒற்றைத் திரி போதும். ஏழரை செ.மீ. கிளாஸுக்கு இரட்டைத் திரி வேண்டவே வேண்டாம். அகலம் பத்து செ.மீ.யை நெருங்கும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

கடைக்காரர் கொடுத்த திரி பெரும்பாலும் பாரஃபின் மெழுகுக்கு, அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் சாதாரண மெழுகுக்கு, உரியதாக இருக்கும். மெழுகுவர்த்தியில் திரி எரிவது கொஞ்சம்தான். உருகிய மெழுகு திரி வழியாக ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் சுடராக எரிகிறது. சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். வனஸ்பதி செய்வதும் இதே முறையில்தான். உருகிய பிறகும் அது பாரஃபினைவிடக் கொழகொழவென்று இருக்கும், திரியில் ஏறச் சிரமப்படும். அதனால் ஒரே அகலமுள்ள கிளாஸுக்கு, பாரஃபினுக்குப் போடுவதைவிட ஒன்றிரண்டு அளவு பெரிய திரி சோயாவுக்குத் தேவைப்படும். பாக்கெட்டில் "200 மி.லி. கிளாஸுக்கு" என்று எழுதியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். கொள்ளளவுக்கும் திரிக்கும் சம்பந்தம் இல்லை. கிளாஸின் உள் அகலத்தை, மெழுகு நிற்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, அதற்குத்தான் திரி பார்க்க வேண்டும்.

விளக்குத் திரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அகல் விளக்கில் எண்ணெய் எப்போதும் திரவமாகவே இருக்கிறது, திரி சாய்ந்து கிடக்கிறது, கருகக் கருக நாம் அதைத் தூண்டிவிடுகிறோம். மெழுகுவர்த்தித் திரிக்கு அந்த உதவி கிடையாது. நேராக நிற்க வேண்டும், எரிந்த நுனியைத் தானே தீர்த்துக்கொள்ளவும் வேண்டும். இதற்காகத்தான் அதைப் பின்னலாகச் செய்கிறார்கள். பின்னிய திரி எரியும்போது லேசாக வளையும். நுனி சுடரின் ஓரத்துக்குப் போய், காற்று நன்றாகக் கிடைக்கும் இடத்தில் எரிந்து சாம்பலாகும். பிரான்சில் கம்பாசெரஸ் என்பவர் 1825-இல் பின்னல் திரியைக் கொண்டுவரும் வரை, மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் எல்லோரும் பக்கத்திலேயே கத்தரியை வைத்துக்கொண்டு நுனியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முறுக்கிய பஞ்சுத் திரியைச் சோயா மெழுகில் நட்டால் முதல் அரை மணி நேரம் அழகாக எரியும். பிறகு துவண்டு மெழுகிலேயே சரிந்துவிடும், அல்லது கரி கட்டிப் புகையும்.

வாங்க வேண்டியது முன்பே மெழுகில் முக்கி எடுத்த பருத்திப் பின்னல் திரி. பருத்தியோடு காகித இழையும் சேர்த்துப் பின்னிய வகை சோயாவுக்கு நன்றாகப் பொருந்தும். ஆன்லைனில் பார்த்தால் ஈகோ, சி.டி., எல்.எக்ஸ். என்று தொடர் பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எண் கூடினால் திரி பெரியது. ஆனால் ஒரு தொடரின் 10-க்கும் இன்னொரு தொடரின் 10-க்கும் எந்த ஒப்பீடும் இல்லை, ஆகவே ஒரே தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈகோ கிடைத்தால் உங்கள் கிளாஸுக்கு 10, 12, 14 மூன்றிலும் கொஞ்சம் வாங்கித் தொடங்கலாம். வெறும் "எட்டு இஞ்ச் திரி" என்று உயரத்தை மட்டும் சொல்லி விற்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள். உயரம் கத்தரிக்கோல் வேலை, அது உங்களுக்கு எதையும் சொல்லாது. நடுவே உலோகக் கம்பி ஓடும் திரியும், எந்த உலோகம் என்று எழுதாமல் விற்றால், வேண்டாம். ஈயக் கம்பித் திரியை அமெரிக்காவில் 2003-இல் தடை செய்தார்கள், புகையில் ஈயம் கலக்கிறது என்பதால். மரத் திரி கேட்க நன்றாகச் சடசடக்கும். ஆனால் சோயாவில் அதை அணையாமல் எரிய வைப்பது பழகியவர்களுக்கே பாடு. முதல் சந்தைக்கு அது வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். புதிதாகச் செய்பவர்கள் பலரும் முதல் முறை ஏற்றி மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, "ஓரம் வரை உருகவில்லை, திரி சின்னது" என்று அடுத்த அளவுக்குப் போகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. கிளாஸ் நிறைய மெழுகு இருக்கும்போது சுடர் விளிம்பை ஒட்டி நிற்கிறது, சூடு மேலே வெளியேறிவிடுகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் அதே சுடர் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே எரிகிறது. சூடு உள்ளேயே தங்கும், சுவரில் ஒட்டி நின்ற மெழுகும் அப்போது உருகிச் சேர்ந்துகொள்ளும். மேலே கொஞ்சம் மந்தமாகத் தெரிந்த திரி கீழே சரியாக இருக்கும். மேலேயே கச்சிதமாக ஓரம் வரை உருக்கிய திரி, கீழே போனதும் கிளாஸைக் கொதிக்க வைத்துக் கரியும் கக்கும். கண்ணாடி விரிசல் விடுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான். விற்கப் போகிறீர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அடிவரை ஒரு முறையாவது எரித்துப் பார்க்காத மெழுகுவர்த்தியை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒரே மாதிரி மூன்று கிளாஸ், ஒரே மெழுகு, ஒரே வாசனை, ஒரே அளவு. திரி மட்டும் மூன்று அளவுகளில். ஊற்றிய மறுநாளே ஏற்ற வேண்டாம். சோயா மெழுகு முழுதாக இறுகப் பத்து நாள், இரண்டு வாரம்கூட எடுக்கும். அதற்கு முன் கிடைக்கும் முடிவு நிலைக்காது. திரியை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வெட்டி ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள். அணைத்து, நன்றாக ஆறிக் கெட்டியான பிறகு, திரியை மறுபடி வெட்டி அடுத்த முறை ஏற்றுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: உருகிய மெழுகு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், சுடர் எவ்வளவு உயரம், புகை உண்டா, கிளாஸைப் பிடிக்க முடிகிறதா. முதல் தடவை மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஓரத்திலிருந்து அரை செ.மீ. தள்ளி நின்றால்கூடக் கவலை இல்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையில் ஓரத்தைத் தொட்டுவிட வேண்டும். உருகி நிற்கும் ஆழம் ஆறிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் திரி பெரியது. சுடர் இரண்டிலிருந்து நான்கு செ.மீ.க்குள் ஆடாமல் நிற்க வேண்டும். அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். வாங்குபவருக்கும் இதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

சோதனை நடக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது, பால்கனிக் கதவும் சாத்தியிருக்கட்டும். நம் ஊரில் சாயங்காலக் காற்றுக்காக எல்லாரும் ஜன்னலைத் திறந்து வைப்போம். அந்தக் காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் கறுக்கும், எதிர்ப் பக்கம் மெழுகு நிற்கும். அதைப் பார்த்துத் திரியைக் குறை சொல்லிவிடுவோம். திரி நடுவில் இல்லாவிட்டாலும் இதே கோலம்தான். ஊற்றும்போது துணிக் கிளிப் ஒன்றைக் கிளாஸின் குறுக்கே வைத்துத் திரியைப் பிடித்து நிறுத்துங்கள்.

சுடர் ஒரு மணி நேரத்தில் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னத் திரி உருகிய மெழுகில் மூழ்கிப்போவது ஒரு காரணம். வாசனை எண்ணெய் இன்னொரு காரணமாக இருக்கலாம், அதை நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மூடியால், ஸ்பூனால் அளந்தால் விட்டுவிட்டுத் தராசுக்கு வாருங்கள். உங்கள் கிளாஸில் விளிம்புக்கு ஒரு செ.மீ. விட்டு ஊற்றினால் ஏறக்குறைய 150 கிராம் மெழுகு பிடிக்கும். ஆறு சதவீதம் என்றால் 9 கிராம், எட்டு என்றால் 12 கிராம். ஆறில் தொடங்குங்கள், பத்துக்கு மேல் போகாதீர்கள். அதிகமான எண்ணெயை மெழுகு பிடித்து வைத்துக்கொள்ளாது. அது வியர்த்து மேலே நிற்கும், திரியை அடைக்கும், புகையையும் கூட்டும். அப்புறம், இது ஊதுபத்திக்குப் பேர்போன ஊர். சந்தன, மல்லிகை வாசனை ஊதுபத்திக்காரர்களுக்கு விற்கும் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் ஊதுபத்தி வாசனையில் டி.இ.பி. என்ற கரைப்பானைக் கலந்திருப்பது சகஜம், அது மெழுகுக்கு ஏற்றதல்ல. மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். வாசனையை மாற்றினால் திரியையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரே கிளாஸில் லாவெண்டருக்குச் சரியாக இருந்த திரி, வெனிலாவுக்குப் போதாமல் போகலாம்.

நிறத்துக்காகக் கிரேயான் சீவிப் போட்டிருந்தால் அணைவதற்கு அதுவே போதும். அதிலிருக்கும் நிறத்தூள் கரையாது, திரிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மெழுகுக்கான சாயம் தனியாகக் கிடைக்கிறது. மேலே காய்ந்த ரோஜா இதழ் தூவுவது படத்துக்கு அழகு, ஆனால் இதழ் சுடரருகே மிதந்து வந்தால் அதுவே இன்னொரு திரியாகிப் பற்றிக்கொள்ளும். விற்கும் கிளாஸில் அதைச் செய்யவே கூடாது.

நுனியில் காளான் மாதிரி கரி உருண்டால் திரி ஓர் அளவு பெரியது, அல்லது எண்ணெய் அதிகம். சின்ன உருண்டை என்றால் அடுத்த முறை வெட்டிவிட்டு ஏற்றினாலே போதும். மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, கண்ணாடியில் ஈரம் பட்டாற்போல் திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ அதற்கும் திரிக்கும் சம்பந்தமே இல்லை. முதலாவது சோயா மெழுகின் இயல்பு. இரண்டாவது ஆறும்போது மெழுகு கண்ணாடியை விட்டு விலகுவதால் வருவது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே இவை கூடும். கிளாஸை லேசாகச் சூடாக்கி ஊற்றி, அட்டைப் பெட்டியால் மூடி மெதுவாக ஆறவிட்டால் குறையும்.

கடைசியாகக் குழி விழுந்த கிளாஸ்கள். குழி ஆழம் குறைவாக இருப்பவற்றில் அலுமினியத் தாளை விளிம்பைச் சுற்றிக் கூரைபோல் மடித்து, நடுவில் சுடருக்கு ஓட்டை விட்டு ஏற்றுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓரத்து மெழுகு உருகிச் சமமாகும். கிளாஸ் நன்றாகச் சுடும், பக்கத்திலேயே இருங்கள். ஆனால் திரி அதேதான் என்பதால் மறுபடி குழி விழும். இவற்றை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. விற்க நினைப்பவற்றைச் சுடுதண்ணீர் உள்ள பாத்திரத்தில் நிறுத்தி உருக்கி, திரியை எடுத்துவிட்டு, மெழுகை வடிகட்டி, சோதனையில் தேறிய திரியோடு மறுபடி ஊற்றுங்கள். வாசனை ஏற்கெனவே இருக்கிறது, மேலும் சேர்க்காதீர்கள். மிச்ச மெழுகைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். இரட்டைத் திரி போட்டவற்றை யாருக்கும் பரிசாகக்கூடக் கொடுக்க வேண்டாம், அவற்றையும் உருக்கி ஒற்றைத் திரிக்கு மாற்றிவிடுங்கள். கரி பிடித்த கிளாஸ் சோப்புத் தண்ணீரில் போய்விடும். கழுவிய பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் அந்தக் கிளாஸில் மறுபடி மெழுகு ஊற்ற வேண்டாம்.